கையை உள்ளே விட்டுப் பார்ப்பவர்

சித்தப்பா கப்பல்காரர். சரக்குக் கப்பல்களில் என்ஜின் ரூம் வேலை. லீவில் ராயபுரம் வீட்டுக்கு வரும்போது பெட்டி நிறைய எங்களுக்கு சோப்பும் சாக்லேட்டும் இருக்கும். தனக்கென்று அவர் ஆசையாக வாங்கியதாக என் நினைவில் இருப்பது ஒரே ஒரு பொருள்தான்: இங்கிலாந்தில் வாங்கிய கறுப்புத் தோல் ஷூ. உள்ளே பொன்னிற எழுத்தில் நார்த்தாம்ப்டன் என்று ஊர்ப்பெயர் பதித்திருக்கும். ஷூ தைப்பதற்கே பேர்போன ஊர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் உட்கார்ந்து, பழைய பனியன் துணியை விரலில் சுற்றிக்கொண்டு அவர் அதற்கு பாலிஷ் போடுவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன்.

கடல் வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகு அவருக்கு முட்டிவலி. செருப்போடு சரி. "ஆபீஸ் போறவன் நீ போட்டுக்கடா. பொட்டில கெடந்தா பூஞ்சை புடிச்சுடும்" என்று ஷூவை என்னிடம் கொடுத்துவிட்டார். 1990களின் தொடக்கம் அது. செகண்ட் லைன் பீச்சில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் துறைமுக கேட்டுக்கும் இடையில் நாள் முழுக்க நடை. உப்புக்காற்று, கரித்தூள், லாரி டயர் அரைத்துப்போட்ட ஜல்லி. அந்தத் தரையில் தோல் சோல் எத்தனை நாள் தாங்கும்? இரண்டு வருஷத்துக்குள் பெருவிரலுக்குக் கீழே அழுத்தினால் உள்ளே அமுங்குகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

பாரிமுனைப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. சாயங்காலம் கொடுத்து மறுநாள் காலையில் வாங்கினேன். பளபளவென்று புது ரப்பர் சோல். முதல் மழையில் கேட்டுக்கு முன்னால் வலதுகால் ஷூ வாய் பிளந்துகொண்டது. அது பரவாயில்லை. குதிகாலில் ஏதோ குத்துகிறதே என்று கழற்றிப் பார்த்தால் சாக்ஸில் ரத்தம். ஒட்டு நிற்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நாலு ஆணி அடித்து விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று உள்தோலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது.

சித்தப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. வடசென்னையில் செருப்பு தைக்கிறவர்களுக்குக் குறைவா? தங்கசாலை முதல் திருவொற்றியூர் தேரடி வரை தெருமுனைக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வார் அறுந்தால் தைப்பார்கள், ஹீல் தேய்ந்தால் தட்டுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஷூவை யார் கையில் நம்பிக் கொடுப்பது என்பது வேறு கேள்வி. கடைசியில் ஆபீஸ் பியூன்தான் வழி சொன்னார்: "தோல் விக்கறவங்களக் கேளுங்க சார். நல்ல தோல் யாரு வாங்கறான்னு அவங்களுக்குத்தான் தெரியும்." இன்றைக்கும் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

பெரியமேட்டுக்குப் போனேன். மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களில் தோல் மண்டிகள். உள்ளே நுழையும்போதே அந்த வாசனை மூக்கில் ஏறும். ஒரு கடையில் வயதான பாய் ஒருவர் ஷூவை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஓரத்தில் ஓடும் தையலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது வெல்ட் போட்ட ஷூ தம்பி. எத்தன தரம் வேணா சோல் மாத்தலாம். தெரிஞ்சவன் கைல குடுக்கணும், அவ்வளவுதான்."

"தெரிஞ்சவர் எங்க இருக்கார் பாய்?"

"நீங்க எந்தப் பக்கம்? ராயபுரமா? அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? உங்க ஊர்லயே ஒருத்தர் உக்காந்திருக்காரு. மாசாமாசம் வந்து முதுகுத்தோல்தான் கேப்பாரு, வயித்துத்தோல் குடுத்தா தொடமாட்டாரு."

மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டி. இழை நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். விலையும் அதற்கேற்ப இறங்கும். சோலுக்கு முதுகுத்தோல்தான் சரி. ஆனால் கறுப்பு மை பூசி மெழுகு தேய்த்துவிட்டால் எது எந்தத் தோல் என்று நமக்கு என்ன தெரியப்போகிறது? ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தால் இந்த ஓரிடம் போதும்.

பாய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஷூவின் தோலே இங்கிருந்து போனதாகக்கூட இருக்கலாம் என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்தபோது அதில் நியாயம் இருந்தது தெரிந்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, கடுக்காயில் முடித்த தோல், ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்குப் பெருமளவில் போனதும் அதுதான். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் தடம் பின்னால் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. தோல் ஊர்களையெல்லாம் துறைமுகத்தோடு கட்டிப்போட்ட தண்டவாளம் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டியின் அறிக்கைக்குப் பிறகு, பாதி பதனிட்ட தோலை அப்படியே அனுப்புவதற்கு அரசு கட்டுப்பாடு போட்டது. அதற்கப்புறம்தான் ஆம்பூர் பக்கம் ஷூவாகவே செய்து அனுப்பும் தொழில் பெருகியது.

பாய் சொன்ன ஆள் கல்மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக்கூட மதில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கோணி, மரப்பெட்டி, கறுப்புக் குடை, மூன்று பக்கம் கால் நீட்டிய இரும்பு. அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பா மாதவரத்தில் தோல் ஷாப்பில் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் மெட்ராஸ் தமிழ்.

ஷூவைக் கையில் கொடுத்தேன். முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு குறடால் அந்த ரப்பரை என் கண்முன்னாலேயே பிய்த்தார்.

"பாருங்க சார். வெல்ட்ட அரத்தால ராவி வெச்சுக்கீறான். நல்ல காலம், நூலு ஓடற எடம் தப்பிச்சுது. இன்னொரு தபா எவனாவது ராவியிருந்தா அப்பால நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

"எவ்வளவு ஆகும் அண்ணே?"

"நூத்தம்பது. பாதி தோலுக்கே பூடும். எட்டு நாள் ஆவும். அவசரம்னா வேற ஆள பாத்துக்கோங்க."

அந்த நாளில் நூற்றைம்பது பெரிய தொகை. ஆனால் 'நாளைக்கே தர்றேன்' என்று சொல்லாததிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். நேரே அவரிடம் போய் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துகொள்வேன். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெல்ட் என்பது ஷூவின் ஓரம் சுற்றி ஓடும் மெல்லிய தோல் பட்டை. மேல்தோலையும் உள்தோலையும் அந்தப் பட்டையோடு ஒரு நூல் பிடிக்கிறது. அடியில் உள்ள சோலைப் பட்டையோடு இன்னொரு நூல் பிடிக்கிறது. இரண்டாவது நூலை அறுத்தால் சோல் மட்டும் தனியாகக் கழன்று வரும். மேலே எதற்கும் சேதம் இல்லை. ரப்பருக்குப் பேர்போன குட்இயரின் மகன் இந்தத் தையலை 1870களில் மெஷினுக்குக் கொண்டுவந்ததால் குட்இயர் வெல்ட் என்று பெயர். அதற்கு முன்னால் கையால் தைத்தார்கள். எங்கள் அண்ணன் கையால்தான் தைத்தார்.

பழைய சோலை எடுத்ததும் உள்ளே நொறுங்கிய கார்க் தூள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினார். புதுத் தோலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் துணியில் சுற்றி வைத்து, ஈரம் பதமாக இறங்கியதும் இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார். அடிக்க அடிக்கத் தோல் இறுகி, சத்தம் மாறும். முதலில் மொத்தென்று கேட்டது போகப்போகக் கணீரென்று கேட்கும். அந்தச் சத்தம் வரும்வரை அவர் நிறுத்தமாட்டார். பிறகு சோலின் அடிப்பக்கம் ஓரமாக ஒரு சாய்வான கீறல். நூல் அதற்குள் புதைந்துவிடும், தரையில் உரசாது. தேன்மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் ஒரு துளை, அதில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசி, இரண்டு கையையும் விரித்து ஓர் இழுப்பு. இழுக்கும்போது சுண்டுவிரல் ஓரத்தில் நூல் பதியும். அந்த இடத்தில் இரண்டு கையிலும் சதை காய்த்துக் கோடு விழுந்திருந்தது.

எல்லாம் முடிந்து, ஓரம் சீவி, மை போட்டு, மெழுகு தேய்த்த பிறகு ஒரு காரியம் செய்தார். கையை ஷூவுக்குள் விட்டு, விரல்களின் பின்பக்கத்தால் உள்ளே முழுக்கத் தடவினார். குதியில் ஆரம்பித்து நுனிவரை, திரும்ப நுனியிலிருந்து குதிவரை. உள்ளங்கைப் பக்கம் காய்த்துப்போய் மரத்திருப்பதால் பின்பக்கம். ஹீலுக்குப் போட்ட ஆணி ஏதாவது மேலே வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். எந்தச் செருப்பு வந்தாலும், பத்து ரூபாய் வேலையாக இருந்தாலும், இந்தத் தடவல் இல்லாமல் அவர் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஏன் இவ்வளவு என்று ஒருநாள் கேட்டேன். "சர்க்கரக்காரங்க வராங்க சார்" என்றார். ராயபுரத்துக்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954இல் தொடங்கிய எம்.வி. சர்க்கரைநோய் மருத்துவமனை எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருவார்கள். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். என் குதிகாலில் குத்திய ஆணி எனக்கு வலித்தது, கழற்றினேன். அவர்களுக்கு வலிக்காது, நாள் முழுக்க அதன்மேலேயே நடப்பார்கள். புண் ஆகி, சீழ் பிடித்து, விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகிவிடும். அப்படி ஒருவருக்கு ஆனதை அவர் இளவயதில் பார்த்திருக்கிறார். வேறு யாரோ அடித்த ஆணி. அதைச் சொல்லும்போதுகூட அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

எம்.சி.ஆர். செருப்பும் செய்வார். மைக்ரோ செல்லுலர் ரப்பர். பாதத்தின் அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரத்திவிடும். இதன் பின்கதையும் நம் பக்கத்துக் கதைதான். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்புண்ணுக்குக் காரணம் தேடினார். நோய் நேராகச் சதையைத் தின்பதில்லை, உணர்ச்சியற்ற பாதத்தில் படும் அழுத்தமும் காயமும்தான் புண்ணாக்குகின்றன என்று காட்டினார். அதற்கு அவர் கண்ட மருந்தில் பாதி, சரியான செருப்பு. செருப்பு தைக்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த அறுவை மருத்துவர் அவர். எங்கள் அண்ணனுக்கு பால் பிராண்ட் பெயர் தெரியாது. ஆனால் அந்த மருத்துவர் சொன்னது அத்தனையும் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

செய்யமாட்டேன் என்று அவர் சொன்ன வேலைகளையும் சொல்ல வேண்டும். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளிலிருந்து சேஃப்டி ஷூ நிறைய வரும். அவற்றில் பலவற்றுக்கு பாலியூரித்தேன் சோல். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளை உள்ளேயே உடைத்துக்கொண்டிருக்கும். நாலைந்து வருஷத்தில், போடாமல் டப்பாவிலேயே வைத்திருந்தாலும், பொடிப்பொடியாக உதிரும். கடலோரத்தில் இது இன்னும் சீக்கிரம். அதை ஒட்டித்தரச் சொல்லிக் கெஞ்சுவார்கள். "பசை எத்த புடிச்சுக்கும்? கீழ மாவாக்கீது. இத்த ஒட்டிக் காசு வாங்கனா பாவம் சார்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். லாரிக்காரர்களுக்கு மட்டும் பழைய டயர்த் துண்டை அளவாக வெட்டி அடித்துத் தருவார். டயருக்கு இங்கே பஞ்சமா? 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1952இல் டயருக்கு ரீட்ரெட் ரப்பர் செய்யத் தொடங்கியது. என் சித்தப்பா ஷூவுக்கும் இரண்டாவது தடவை தோல் சோலின்மேல் மெல்லிசாக ஒரு ரப்பர் தாள் ஒட்டித்தந்தார். நம் மழைக்கு வெறுந்தோல் வழுக்கும், ஊறும். சீமையில் எப்படியோ, துறைமுகத்தில் இது வேணும் என்றார். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கினப்ப இருந்தத விட கெட்டியா இருக்குதுடா" என்றார்.

அங்கே உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகளில் பார்த்த இன்னொன்று. வருகிறவர்களில் பாதிப்பேர் செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுப்பதில்லை. நின்றபடியே காலை உதறி, அவர் முன்னால் தள்ளுவார்கள். வேலை முடிந்ததும் அவர் கையால் எடுத்து, அவர்கள் காலடியில் ஜோடியாக வைப்பார். காசைக் கோணிமேல் போடுவார்கள். அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். பழகிப்போன சாதி அது. கால் தானாகவே தள்ளுகிறது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ஷூவை மேலும் நாலு வருஷம் ஓடவைக்கிறவரிடம் இருபது ரூபாய்க்கு நின்று வாதாடுவார்கள். கண்ணாடிக் கடையில் வாய் திறக்கமாட்டார்கள்.

மகனை இந்த வேலைக்கு அவர் விடவில்லை. ஐ.டி.ஐ. படிக்கவைத்தார். "நான் குந்தன எடத்துல அவன் குந்த வேணாம்" என்றார். அது முழுக்கச் சரி. அவர் பிள்ளை இந்த வேலையை விட்டுப் போனதில் எனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் 1957 முதல் இருக்கிறது. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. 2022இல் காலணிக்கும் தோல் பொருட்களுக்கும் என்று தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. எல்லாம் நல்லது. ஆனால் அந்தப் பேச்செல்லாம் புதுத் தொழிற்சாலை, முதலீடு, ஏற்றுமதி பற்றியது. ஓடித் தேய்ந்த ஷூவைப் பிரித்துத் தைக்கிற கையும் ஒரு தொழிற்கல்விதான். அதற்கும் மேசை, நாற்காலி, விளக்கு, சம்பளம் இருந்தால் எந்தச் சாதிப் பிள்ளையும் கற்றுக்கொள்ள வருவான்.

தெருவில் இருக்கிறவர்களுக்கு இருக்கிற உரிமையே பலருக்குத் தெரியவில்லை. 2014ஆம் வருஷச் சாலையோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் உட்கார்ந்து சேவை செய்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 2020இல் வந்த ஸ்வநிதி கடன் திட்டத்திலும் செருப்பு தைப்பவர்கள் உண்டு. தொடங்கியபோது முதல் தவணை பத்தாயிரம் ரூபாயாக இருந்தது. மெட்ரோ ரயில் வேலைக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை பல வருஷம் தோண்டிக் கிடந்தபோது நடைபாதையில் இருந்தவர்கள் சந்துபொந்துகளுக்குப் போனார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் எல்லாரும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

எங்கள் அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது, வீட்டில் இருக்கிறார். அவர் மதில் ஓரத்தில் இப்போது அவருடைய அக்கா மகன் உட்கார்ந்திருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் கலந்து ஓடியதே, அப்போது அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஷூக்களை நான் அவரிடம் பார்த்தேன். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பும், பசை விடும். தேறாதவற்றை அவர் தனியாக ஒதுக்கி, ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். தேறியதை ஒட்டி முடித்ததும் கையை உள்ளே விட்டு, விரலின் பின்பக்கத்தால் தடவினார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். தோல் விற்கும் கடையில் விசாரியுங்கள். உங்கள் கண்முன்னால் பிரித்துக் காட்டுகிறாரா, முடியாததை முடியாது என்கிறாரா, கொடுப்பதற்கு முன் உள்ளே கைவிட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஷூவைத் துடைத்து, கையில் எடுத்துக் கொடுங்கள். கேட்கிற நாளையும் கூலியையும் குறைக்காதீர்கள். புரட்டாசிக்குள் கொண்டுபோய்விடுங்கள், ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தோல் காயாது, பசையும் நிற்காது.